ஒரு காம்பரா, இரண்டு அடுப்பு

“நான் ஆக்குறது புடிக்கலைன்னா நீங்களே ஆக்கித் தின்னுங்கன்னு எத்தன வாட்டி—”

“ஆக்கித் தின்ன எனக்குக் கை இல்லையாக்கும்? நீ இந்தப் படி ஏறி வர்றதுக்கு முன்னாடி இந்த வீட்டுல அடுப்பே எரியலையா—”

“எரிஞ்சுச்சு, எரிஞ்சுச்சு. எரிஞ்ச லட்சணத்தத்தான் லயமே சொல்லுதே—”

“எவ சொன்னா? பேரச் சொல்லு. பூண்டுலோயாவுல இருந்து வந்துக்கிட்டு—”

“எங்க ஊர எதுக்கு மாமி இழுக்குறீங்க, நான் உங்க மக இருக்குற ராகலைய இழுத்தேனா?”

இரண்டு குரலும் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, நடுச்சுவரைத் தாண்டி, பக்கத்து வீட்டு ஐவியின் கூரைக்குள் போய் இறங்கின. இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் சண்டையே. டவுன் வீதி கூட்டுகிறவர்களுக்கும் சாக்கடைக் கான் வெட்டுகிறவர்களுக்கும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் வரிசையாகக் கட்டிப்போட்ட கவுன்சில் லயம் அது. ஒரு குடும்பத்துக்கு ஒற்றை அறையாக ஒரு காம்பரா, முன்னால் திண்ணைபோல ஓர் இஸ்தோப்பு, பின்னால் சமைக்கக் கரி படிந்த குசினி. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரையைத் தொடாமல் பாதியிலேயே நின்றுவிடும். கட்டினவன் செங்கல்லை மிச்சம் பிடித்தானோ, ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குக் கேட்கட்டும் என்றே விட்டானோ, யார் கண்டது. ஒரு வீட்டில் இருமினால் மூன்றாவது வீட்டிலிருந்து மருந்து சொல்வார்கள்.

அம்மாக்கண்ணுவுக்கு அடுத்துச் சொல்ல வேண்டியது வாயில் தயாராக இருந்தது. உன் சோறும் வேண்டாம் உன் சங்காத்தமும் வேண்டாம், நான் இஸ்தோப்பில் தனி அடுப்பு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, கையில் இருக்கிற தகரத் தட்டைக் கீழே போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். மகன் கிஷாந்த் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தான். பீங்கானை மட்டும் உடைக்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தான். அவள் தகரத்தை ஓங்கியும் விட்டாள். அப்போதுதான் மருமகள் தனுஜா குரலை இறக்கி, யாரும் சொல்லிக் கொடுக்காத ஒன்றைச் சொன்னாள்.

“அவ கைக்கு உப்பும் தெரியாது, உறவும் தெரியாதுன்னு சொன்னவங்களுக்கு நான் எதுக்கு மாமி ஆக்கிப் போடணும்?”

ஓங்கிய கை அப்படியே நின்றது. சொன்னது உண்மைதான். ராகலையில், மகள் பிரியந்தியின் வீட்டில், அவள் வைத்த கருவாட்டுக் குழம்பை நாக்கில் வைத்துக்கொண்டே அம்மாக்கண்ணு மருமகளைப் பற்றிச் சொன்ன வார்த்தை அது. தாயும் மகளும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து பேசுகிற பேச்சு சோற்றோடு வயிற்றுக்குள் இறங்கிவிட வேண்டியது. அது எப்படி இத்தனை மலை ஏறி இறங்கி இந்தக் குசினிக்கு வந்து சேர்ந்தது?

சுவருக்கு அந்தப் பக்கம் ஐவி ஓர் இருமல் இருமினாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்பதற்கு அவள் வைத்திருக்கும் அடையாளம் அது. அம்மாக்கண்ணு தகரத்தைப் போட்டாள். சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனால் சொல்ல வேண்டிய வசனத்தை அவள் சொல்லவே இல்லை. மறந்துபோயிற்று.

லயத்தை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்த நாளிலிருந்து அந்த லயத்தில் ஒருத்தரை ஒருத்தர் நம்புவது நின்றுபோயிருந்தது. அதற்கு முன்னால் மட்டும் ரொம்ப நம்பினார்களா என்று கேட்டால், இல்லைதான். ஆனால் அப்போது சந்தேகப்படுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. தண்ணீர்ப் பீலியில் யார் முதலில் குடத்தை வைத்தது, யார் வீட்டுக் கோழி யார் கொல்லையில் முட்டையிட்டது, அவ்வளவுதான்.

கோயில் தகரக் கொட்டகையில் கூட்டம் போட்டு, வீட்டுத் திட்டத்து மிஸ் ஒரு பெரிய வண்ணப் படத்தை விரித்துக் காட்டினாள். முப்பது வயது இருக்கும். தமிழ் பேசுகிற பிள்ளைதான். இருந்தாலும் கூட வந்திருந்த ஆபீசரான பெரிய மாத்தயாவிடம் அவள் சிங்களத்தில் ஏதோ சொல்லும்போதெல்லாம் சனம் கழுத்தை நீட்டியது. படத்தில் மாடி வீடு வெள்ளையாக நின்றது. அதைச் சுற்றி மரமும் பூவும். இந்த மண்ணில் இந்தக் குளிருக்கு இந்த மரத்தில் ஒன்றுகூட முளைக்காது, மரமே பொய் என்றால் வீடு எப்படி என்று நல்லமுத்து எழுந்து கேட்டார். சனம் சிரித்தது. சிரித்தாலும் எல்லோர் வயிற்றிலும் இருந்த கேள்வி அதுதான். லயத்தை இடிக்கும்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள பழைய ஸ்டோர்க் கட்டடத்தில் போய் இருக்க வேண்டுமாம். கட்டி முடித்ததும் திரும்பி வரலாமாம். போவது நிச்சயம், வருவதை யார் கண்டது என்று ஐவி சொன்னாள். இந்த இடத்திலிருந்து பார்த்தால் கீழே டவுனும் எதிரே மலையும் தெரிகிறது, இதை நமக்கா கொடுப்பார்கள், ஓட்டல்காரன் எவனோ கண் வைத்திருக்கிறான் என்று இன்னொரு பேச்சும் கிளம்பியது.

ஆனால் அன்றைக்கு மிஸ் சொன்னதில் ஒன்று மட்டும் எல்லோர் காதிலும் பசையாக ஒட்டிக்கொண்டது. ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்து, தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டால், அவர்களைத் தனித்தனிக் குடும்பமாகப் பதிவோம் என்றாள். அப்படியென்றால் இரண்டு அடுப்புக்கு இரண்டு வீடு.

கூட்டம் கலைவதற்குள் லயம் முழுக்க மனக்கணக்கு ஓடிவிட்டது. மறுநாளே கடைத்தெருவில் செங்கல்லுக்குக் கிராக்கி. ஆனால் செங்கல்லை அடுக்கினால் மட்டும் அடுப்புப் பிரிந்துவிடாது. அந்த லயத்தில் சண்டையில்லாமல் அடுப்புப் பிரிந்த வீடு என்று ஒன்று கிடையாது. மாமியாரும் மருமகளும் நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தி, பழசெல்லாம் கிளறி, பெரியவர்கள் யாராவது வந்து சமாதானம் பேசிப் பார்த்துத் தோற்ற பிறகுதான் இரண்டாவது அடுப்பு எரியும். கமுக்கமாக அடுப்புப் போட்டால் யார் நம்புவார்கள்? அதிலும், கட்டப் போகிற வீடு இருக்கிற குடும்பங்களுக்கே பத்தாது என்று ஒரு பேச்சு. அப்படியிருக்க, பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வீடு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு யார் சும்மா இருப்பார்கள்? மிஸ் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். ஆகவே சண்டை போட்டே ஆக வேண்டும். அந்த மாதம் முழுக்க லயத்தில் சாயங்காலம் ஆனால் சண்டை. கேட்கிறவர்களுக்கும் தெரியும், போடுகிறவர்களுக்கும் தெரியும். எது நிஜம் எது வேஷம் என்பது மட்டும்தான் தெரியாது.

கிஷாந்த் ஓட்டோ ஓட்டுகிறவன். வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரன். அம்மாவுக்கு ஒரு வீடு, தங்களுக்கு ஒரு வீடு. அம்மா தங்களோடு இருந்துகொள்வாள். அம்மா பேரில் வருகிற வீட்டை யாராவது டீச்சருக்கு வாடகைக்கு விட்டுவிடலாம். ஓட்டோ கழுவும்போது பாட்டுப் பாடிக்கொண்டே இதைச் சொன்னான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்டானா என்றால், கேட்கவில்லை. காம்பரா அம்மாக்கண்ணு பேரில்தான் இருந்தது. புருசன் கானில் வேலை செய்து செத்தபிறகு அவள் விளக்குமாற்றைப் பிடித்து, டவுன் பெரிய வீதியைக் கூட்டிக் கூட்டிப் பென்சன் வாங்கினவள். இருந்தும் அவளைக் கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கேட்டவள் பிரியந்திதான். சேதி எப்படியோ ராகலைக்கு எட்டி, அன்றைக்கே போன் வந்தது. அம்மா, உனக்கு வீடு வந்தால் நாங்களும் டவுனுக்கே வந்துவிடட்டுமா, இவருக்கு மரக்கறித் தோட்டத்தில் வேலை ஒழுங்காக இல்லை, பிள்ளையையும் நல்ல பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றாள்.

அம்மாக்கண்ணு “பாப்போம்” என்றாள்.

பார்ப்போம் என்பது நம் சனத்தின் வாயில் பாதிச் சம்மதம். மீதிப் பாதியைக் கேட்டவர்களே போட்டுக்கொள்வார்கள்.

சண்டை முடிந்த அன்றைக்கு ராத்திரி கிஷாந்த் வந்து, ஐவியே தன்னை வழியில் மறித்து உங்கள் வீட்டில் நிலைமை சரியில்லை தம்பி என்று விசாரித்ததாகச் சொல்லிச் சிரித்தான். அம்மா நடிப்பில் கொஞ்சம் தடுமாறிவிட்டாள், தனுஜாதான் தூக்கி நிறுத்தினாள் என்று மெச்சினான். தனுஜா சிரிக்கவில்லை. அடுப்பில் ஊதுகுழலை வைத்து ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் இஸ்தோப்பின் மூலையில் மூன்று கல் வைத்து, களிமண் பூசி, அம்மாக்கண்ணுவின் அடுப்பு வந்தது. முதலில் எல்லாம் விளையாட்டாகத்தான் இருந்தது. வெளியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, கதவைச் சாத்தினதும் தனுஜா ஒரு கிண்ணத்தில் பருப்பையோ சம்பலையோ கொண்டுவந்து வைப்பது. அம்மாக்கண்ணுவும் ரொட்டி சுட்டால் ஒன்றைச் சீலை முந்தானைக்குள் மறைத்து உள்ளே கொண்டுபோவாள். ஐவியின் மூக்குக்குப் பயந்து குழம்பைக்கூட மூடி போட்டுத்தான் கொண்டுபோவார்கள்.

பிறகு ஒருநாள் கிண்ணம் வரவில்லை.

மறந்திருப்பாள் என்று அம்மாக்கண்ணு நினைத்தாள். அடுத்த நாளும் வரவில்லை. அவளும் ரொட்டியைக் கொண்டுபோகவில்லை. உள்ளேயிருந்து கருவாடு பொரிக்கிற வாசம் வந்தது. மகன் அவசர அவசரமாகச் சாப்பிட்டுக் கை கழுவுகிற சத்தமும் வந்தது. முன்பெல்லாம் தட்டோடு இஸ்தோப்புக்கு வந்து, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தின்பவன். அவன் வராதது வேஷத்துக்காகவா, அல்லது உள்ளே யாராவது போகாதே என்றார்களா? கேட்டால் வேஷத்துக்குத்தான் என்பான். இந்த வேஷத்தில் அதுதான் வசதி. என்ன செய்தாலும் வேஷம் என்று சொல்லிவிடலாம்.

தனியாகச் சமைத்துச் சாப்பிடுவது அம்மாக்கண்ணுவுக்குப் பழக்கமில்லை. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்பதே தெரியவில்லை. ஒருநாள் மிஞ்சியது, ஒருநாள் பத்தவில்லை. கவ்வாத்து வெட்டின மலையில் பொறுக்கி வந்த தேயிலைக் குச்சி மிலாறு ஈரமாக இருந்து கண்ணைக் கரித்தது. அந்தப் புகையைப் பார்த்து ஐவி வந்து படியில் உட்கார்ந்துகொண்டாள். ஐவி வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். பொய் சொல்லமாட்டாள், ஆனால் உண்மையை எந்தப் பக்கத்திலிருந்து சொல்வது என்று அவளுக்குத் தெரியும். உங்கள் மருமகள் பீலியில் வைத்து அழுதாளே அக்கா, எனக்கு மனசு கேட்கவில்லை என்றாள். எதற்கு அழுதாள் என்று கேட்டதற்கு, சொல்லவில்லை, கண் கழுவினாள் என்றாள். சோப்பு பட்டிருக்கலாம் என்று அம்மாக்கண்ணு சொன்னாள். பட்டிருக்கலாம்தான் என்று ஐவியும் ஒத்துக்கொண்டாள்.

பீலியில் அழுதது ஐவி பார்க்கட்டும் என்று அழுததா? அப்படியென்றால் கெட்டிக்காரி. நிஜமாகவே அழுததா? அப்படியென்றால் எதற்கு? அன்று முழுக்க அம்மாக்கண்ணு அதையே போட்டு மென்றாள். மருமகளும் ஐவியும் கொல்லையில் நின்று பேசுவதையும், தன் தலை தெரிந்ததும் பேச்சு நிற்பதையும் இரண்டு தடவை பார்த்துவிட்டாள். உப்பு விசயம் வேறு நெஞ்சில் முள்ளாக நின்றது. பொறுக்க முடியாமல், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போகிற சாக்கில் வெளியே வந்து ராகலைக்குப் போன் போட்டாள். லயத்துக்குள் வைத்துப் பேசினால் போனில் அந்தப் பக்கம் பேசுகிறவளுடைய மூச்சுகூட ஐவிக்குக் கேட்டுவிடும்.

பிரியந்தி மறைக்கவில்லை. மறைக்க ஏதும் இருப்பதாகவே அவளுக்குத் தெரியவில்லை. உன்னோடு பேசின அன்றைக்கே அண்ணனுக்குப் போன் எடுத்தேன், அண்ணிதான் பேசினாங்க, டவுனில் எந்தப் பள்ளிக்கூடம் நல்லதென்று விசாரித்தேன் என்றாள்.

“அம்மா வீட்டுக்கு நாங்க வந்துர்றோம் அண்ணி, அம்மாவுக்கு எங் கைச் சோறுதான் ஒத்துக்குது, உங்க கைக்கு உப்பும் தெரியாது உறவும் தெரியாதுன்னு அம்மாவே சொல்லுச்சு, உங்களுக்கும் பாரம் கொறையும்னு சொன்னேன். வெளையாட்டாத்தாம்மா சொன்னேன்.”

“அவ என்ன சொன்னா?”

“சரின்னாங்க.”

அம்மாக்கண்ணு பஸ் ஸ்டாண்டிலேயே கொஞ்ச நேரம் நின்றாள். லிந்துலைப் பஸ் வந்து ஆளை ஏற்றிக்கொண்டு போனது. மழைக்கு முன்னால் வருகிற பனிமூட்டம் கடைகளின் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக மூடியது. மருமகள் ஏன் சரி என்றாள்? கோபம் வந்திருந்தால் புருசனிடம் சொல்லியிருக்க வேண்டாமா? அவனுக்குத் தெரியவில்லை என்பது நிச்சயம். நேற்றுக்கூட வாடகைக்கு வரப் போகிற டீச்சரைப் பற்றித்தான் பேசினான். புருசனிடமும் சொல்லாமல், மாமியாரிடமும் கேட்காமல், அந்த ஒற்றைச் ‘சரி’யை மடியில் கட்டி வைத்துக்கொண்டு அவள் எதற்குக் காத்திருக்கிறாள்? பாரம் குறைகிறதே என்று சந்தோசப்பட்டாளோ? இந்த அடுப்பைப் பிரிக்கிற யோசனையே கிஷாந்துடையதுதானா, அல்லது பாயில் படுத்துக்கொண்டு அவள் அவன் காதில் ஓதினதா?

நேராக வீட்டுக்குப் போய், பிரியந்திக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மாக்கண்ணு அதையும் நினைத்தாள். ஆனால் வாக்குக் கொடுக்கவில்லை என்று சொன்னால், கொடுக்க மாட்டேன் என்றும் சொல்ல வேண்டிவரும். அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. மகள் பக்கத்தில் இருந்தால், முடியாமல் படுக்கிற காலத்தில் முகம் பார்த்து ஒரு வாய் தண்ணீர் கேட்கலாம். அந்த நினைப்பு கருவாட்டுக் குழம்பின் வாசம்போல உள்ளே ஏறி உட்கார்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தாள்; அடுப்பைப் பற்றவைத்தாள்.

கணக்கெடுக்கிற அன்று காலையிலேயே மிஸ் வந்துவிட்டாள். பெரிய மாத்தயா வரவில்லை. லயத்துச் சனம் முழுக்க அவள் பின்னாலேயே ஒவ்வொரு வாசலுக்கும் போனது. அடுத்த வீட்டில் எத்தனை அடுப்பு என்று பார்க்காவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது.

நல்லமுத்து வீட்டில்தான் முதல் வேடிக்கை. அவரும் கலியாணம் கட்டாத மகனும் மட்டும் இருக்கிற வீடு. தகப்பனும் மகனும் முகம் பார்த்துப் பேசியே மாதக் கணக்காகிறது, அவனவனுக்கு அவனவன் உலை என்று நல்லமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். மிஸ் இரண்டாவது அடுப்பைக் காட்டச் சொன்னாள். மகனுடைய அடுப்பு கொல்லைப் பக்கம் இருந்தது. நல்ல அடுப்பு, பூசின மண்ணில் கரியே படவில்லை. உள்ளே கோழி அடை படுத்திருந்தது. மிஸ் குனிந்து பார்த்தாள். கோழி அவளைப் பார்த்துச் சீறியது. ஒரு குடும்பம் என்று எழுதிக்கொண்டு மிஸ் நிமிர்ந்தாள். சனம் சிரித்த சிரிப்பில் நல்லமுத்துவும் சேர்ந்து சிரித்துவிட்டார். மகன் மட்டும், நான் அப்போதே சொன்னேன் அப்பா கோழியைத் தூக்கச் சொல்லி என்று தகப்பனிடம் முணுமுணுத்தான். முகம் பார்த்தே பேசினான்.

அம்மாக்கண்ணுவின் வாசலுக்கு வந்தபோது மிஸ்ஸுக்கு யாரையும் நம்புகிற முகம் இல்லை. இஸ்தோப்பு அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சாம்பலைக் குச்சியால் கிளறினாள். கரி ஏறின சட்டி, ஒரு ஆளுக்கு மிஞ்சிப்போன பழஞ்சோறு, உப்பு டப்பா, கவிழ்த்து வைத்த ஒற்றைத் தட்டு. தட்டைப் பார்த்தபோது அவள் முகம் கொஞ்சம் மாறியது. இது நிஜ அடுப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அம்மாக்கண்ணுவுக்கும் தெரிந்தது. சந்தோசம் வந்திருக்க வேண்டியதுதானே. வரவில்லை.

கிஷாந்த் முன்னால் வந்து நிலைமையை விளக்கினான். அம்மாவுக்கும் தனுஜாவுக்கும் ஒத்துவரவே இல்லை, நான் நடுவில் கிடந்து சாகிறேன் என்றான். நன்றாகச் சொன்னான். மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எழுதுவதற்கு முன்னால் சில விசயம் சொல்ல வேண்டும் என்றாள். தனியாகப் பதிந்தால், பெரிய குடும்பத்துக்கு முன் கட்டடத்தில் வீடு. தனி ஆளுக்குப் பின் கட்டடத்தில் கீழே ஒற்றை அறை. பதிந்தவர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வந்து வந்து பார்ப்போம். வாடகைக்கு விட்டால் வீடு போய்விடும். பிறகு மனம் மாறி ஒன்றாகப் பதியுங்கள் என்று வந்தால் முடியாது.

கிஷாந்தின் முகத்தில் டீச்சர் வந்ததும் போனதும் தெரிந்தது. வாயைத் திறந்தான். சனத்தைப் பார்த்தான். இத்தனை பேர் முன்னால், நாங்கள் போட்டதெல்லாம் வேஷம், ஒரே குடும்பமாக எழுதுங்கள் என்று எந்த வாயால் சொல்வான்? மூடிக்கொண்டான்.

கூட்டத்திலிருந்து ஐவிதான் கேட்டாள், தனி ஆள் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இருக்கலாமா என்று. பெற்ற பிள்ளைகள் வந்து கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம், அது அவர்கள் விருப்பம், அதை நாங்கள் தடுக்க மாட்டோம் என்று மிஸ் சொன்னாள்.

அப்போது தனுஜா தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்தாள். அந்த மாதம் முழுக்க நிமிர்ந்து பார்க்காத பார்வை.

மிஸ் தனுஜாவிடம்தான் முதலில் கேட்டாள்.

“நீங்க சொல்லுங்க. சேந்து ஆக்கிச் சாப்பிட ஏலவே ஏலாதா?”

அம்மாக்கண்ணு மருமகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிஷாந்த் சொல்லிக் கொடுத்த வசனம் அவளுக்கும் தெரியும்: இந்தம்மா கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டேன். அதைச் சொல்லிவிட்டால் நல்லது. அதை வேஷம் என்று எடுத்துக்கொள்ளலாம். எடுத்துக்கொண்டு, இல்லை மிஸ், நாங்கள் ஒரே குடும்பம்தான், பிள்ளைகள் விளையாட்டுத்தனமாகப் பேசுகிறார்கள் என்று சொல்லி, இந்தக் கூத்தையெல்லாம் இத்தோடு முடித்துவிடலாம். காலையில் கண் விழித்தபோதே அப்படிச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள். வெட்கம்தான்; ஆனால் வெட்கம் ஒரு வாரத்தில் போய்விடும்.

தனுஜா அந்த வசனத்தைச் சொல்லவில்லை.

“எட்டு வருசமா நான் அவுங்க வீட்டுல விருந்தாளி, மிஸ். விருந்தாளி எத்தன நாளைக்கு ஆக்கிப் போடுறது?”

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஐவிக்குக் கேட்க வேண்டும் என்று சொன்ன மாதிரியே இல்லை. லயத்துச் சனம், இது வேறு என்று புரிந்து, கொஞ்சம் பின்வாங்கி நின்றது. கிஷாந்த் பெண்சாதியைப் பார்த்தான். அவனுக்கு அவளைத் தெரியாததுபோல் பார்த்தான்.

மிஸ் அம்மாக்கண்ணுவின் பக்கம் திரும்பினாள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா, வீடு உங்கள் பேரில் இருக்கிறது, உங்கள் சொல்தான் என்றாள்.

காலையில் நினைத்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் இருந்தன. விருந்தாளி என்ற ஒற்றைச் சொல் அவற்றின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்கும் பின்னால், பெற்ற பிள்ளைகள் வந்து இருக்கலாம் என்று மிஸ் சொன்னது எங்கேயோ மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

“தனியாவே எழுதுங்க, மிஸ்.”

மிஸ் எழுதினாள். அடுத்த வாசலுக்குப் போனாள். சனமும் போனது.

கிஷாந்த் சாப்பிடாமல் ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இரண்டு வீடு கிடைத்த சந்தோசம் அவன் முகத்தில் இல்லை. யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாத ஆம்பிளை ஸ்டார்ட்டரைத்தான் முறுக்குவான். மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்தது. லயத்துத் தகரம் முழுக்கச் சத்தம். இந்த மழையில் ஐவி காதைத் தீட்டி வைத்துக்கொண்டாலும் ஒன்றும் கேட்காது.

அம்மாக்கண்ணு இஸ்தோப்பில் மிலாறை ஒடித்து அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். பசி என்று இல்லை. கை சும்மா இருக்கவில்லை. ராகலைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் மகள் சந்தோசப்படுவாள் என்பதும் வந்தது. கூடவே, சொல்லவா வேண்டாமா என்று இத்தனை யோசிக்கிறோமே, அது ஏன் என்றும் வந்தது. மருமகள் செய்தது என்ன? சொன்னதற்குச் சரி என்றாள். கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். இந்த மாதம் முழுக்க நான்தான் அவளை வேவு பார்த்தேன்; அவள் என்னை வேவு பார்க்கவே தேவையில்லாமல் எல்லாம் தெரிந்துதான் இருந்திருக்கிறாள். அப்படியும் ஒருவேளை இதுவும் அவள் போட்ட கணக்கோ என்று புத்தி திரும்பவும் பழைய தடத்துக்கே போனது. சந்தேகம் பழகிவிட்டால் நாய்க்குட்டி மாதிரி. விரட்டினாலும் காலடிக்கே வரும்.

காம்பராவின் கதவு திறந்தது. தனுஜா வந்து நிலையில் நின்றாள். அங்கேயே நின்றாள்; இஸ்தோப்புக்குள் காலை வைக்கவில்லை. அது இப்போது வேறு வீடு என்று நினைத்துத்தான் வைக்கவில்லையோ என்று அம்மாக்கண்ணுவுக்குத் தோன்றியது. சண்டை போடுகிற முகமா என்று பார்த்தாள், இல்லை. சமாதானத்துக்கு வந்த முகமா என்று பார்த்தாள், அதுவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு போகலாம் என்று வந்த முகம்.

“மாமி, நான் அங்க ஒண்ணும் வேஷம் போடல, உள்ளதத்தான் சொன்னேன். தனியா எழுதுங்கன்னு நீங்க சொன்னது, நான் சொன்னதக் கேட்டு மனசு விட்டுப்போயா, இல்ல ராகலையில இருந்து வர்றவங்களுக்காகவா?”